அணையாத அடுப்பு



கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன், கட்டடக் கலை பற்றிப் பேச வந்துவிட்டானே என்று சிலர் எண்ணக்கூடும். பட்டம் பெறவில்லைதான். ஆனால் நாடகம் எழுதுபவன், மேடை அமைப்பவன் நான். எந்தத் திரையை எங்கே தொங்கவிட்டால் எவன் முகம் மறையும் என்பதை அறிவேன். நகரம் அமைப்போரும் அந்த வித்தையை அறிந்தவர்கள்!

நியூசிலாந்து நாட்டிலே ஆக்லாந்து மாநகர். அந்த மண்ணுக்குரியோர் மவோரி இனத்தைச் சேர்ந்த ஙாட்டி வாட்டுவா குலத்தார். 1840-ஆம் ஆண்டிலே, நகர் எழும்பச் சுமார் 3,000 ஏக்கரை வெள்ளையருக்கு விட்டுத்தந்தவர் அவர்தம் தலைவர் அபிஹாய் தெ கவாவ்.

மவோரி மொழியில் நிலத்தைக் குறிக்கும் 'வெனுவா' எனும் சொல்லே நஞ்சுக்கொடியையும் குறிக்கும். பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடியைத் தம் மண்ணிலே புதைப்பது அவர்கள் மரபு. 'அஹி கா' என்றொரு கோட்பாடும் உண்டு: மூட்டிய தீ அணையாமல் ஒரு மண்ணிலே வாழ்ந்து வருவோனுக்கே அம்மண்ணில் உரிமை. பட்டா என்ன, பத்திரம் என்ன! அடுப்புப் புகையே சாட்சி!

ஒராக்கெய் என்னுமிடத்திலே எஞ்சிய 700 ஏக்கரை எவருக்கும் விற்கலாகாது என்று 1869-இல் நீதிமன்றமே விதித்தது. விதித்த விதியைச் சட்டங்கள் ஒவ்வொன்றாய் அரித்தன. நிலம் துண்டு துண்டாய்ப் போயிற்று. மிஞ்சியது ஒக்காஹு விரிகுடாக் கரையோரச் சிற்றூர்.

அந்த ஊருக்கும் கடலுக்கும் நடுவே, 1914 வாக்கில், மாநகரின் சாக்கடைக் குழாயைப் பதித்தார்கள், தோழர்களே! தோணி இறக்க வழி மறிக்கப்பட்டது. மழைநீர் வடிய வழியின்றித் தெருவிலே தேங்கிற்று. சிப்பி பொறுக்கிய கரை, ஊர்க் கழிவு கலக்கும் கரையாயிற்று. பிறகு அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். 'ஐயகோ, ஈரம்! ஐயகோ, நோய்! இது மனிதர் வாழத் தகுந்த இடமா?' என்று பரிவு காட்டினார்கள். குழாயைப் போட்டவன் யார் என்று கேட்க அங்கே நாதியில்லை. திரை எங்கே தொங்கிற்று, பார்த்தீர்களா?

1951-இல் கடைசி நிலமும் பறிபோயிற்று. மக்களை மேட்டு நிலத்து அரசாங்க வீடுகளுக்கு வாடகைக் குடிகளாய் ஏற்றிவிட்டு, ஊரை இடித்துக் கொளுத்தினார்கள். அணையாத தீயே உரிமை என்ற மக்களின் ஊரைத் தீயாலேயே அழித்தார்கள். மிஞ்சியது இடுகாடு ஒன்றே.

மேட்டிலே பாஸ்டியன் முனை. அங்கே செல்வர் குடியேற மனை பிரிக்க அரசு முனைந்தபோது, 1977 சனவரியில் ஜோ ஹாக் தலைமையில் மக்கள் அந்த நிலத்திலே போய் அமர்ந்தனர். 506 நாட்கள்! குளிரிலே, கூடாரத்திலே! இடையிலே தீப்பற்றி ஒரு சிறுமி மாண்டாள். அப்போதும் அவர்கள் எழவில்லை. 1978 மே 25 அன்று காவல் படையும் இராணுவமும் வந்தன. 222 பேர் கைதாயினர். ஒன்பதாண்டு கழித்து, 1987-இல், வைதாங்கி தீர்ப்பாயம் அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாய் அறிவித்தது. 1991-இல் சட்டம் இயற்றி நிலத்தைத் திருப்பித் தந்தார்கள்.

இன்று ஆக்லாந்து நகர ஆட்சியின் வடிவமைப்புக் கையேட்டிலே 'தெ அராங்கா' நெறிகள் என மவோரி நெறிகள் ஏழு உள்ளன. அவற்றுள் 'அஹி கா'வும் ஒன்று. மகிழ்ச்சி. ஆயினும் எனக்கொரு ஐயம். பறித்த மனையிலே மாளிகை எழுப்பி, வாயிற்சுவரிலே மவோரிச் சிற்பம் ஒன்றைச் செதுக்கிவிட்டு, மண்ணின் மைந்தரை மதித்தோம் என்று கூறுவோரும் கிளம்புவரே! சுவரைத் தருவது எளிது, தோழர்களே. மனையைத் தருவதல்லவா கடினம்!

மனை கையிலிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒராக்கெயே விடை. 2016-இல் அக்குலத்தார் தம் நிலத்திலே, தம் மக்களுக்கென, 'காயிங்கா துவாதாஹி' என்று 30 வீடுகள் கட்டி முடித்தனர். வீடுகளுக்கு நடுவே பொதுத் தோட்டம். பயிரிடுவது சேர்ந்து, பிள்ளைகள் ஆடுவது சேர்ந்து. ஊர் எரிந்த கரைக்கு மேலே, அதே மேட்டிலே, முப்பது அடுப்புகள் எரிகின்றன.