காசநோயும் திசுப் பரிசோதனையும்

காசநோய் என்றதும் இருமலும் சளியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்நோய் நுரையீரலோடு நின்றுவிடுவதன்று. கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்கள், முதுகெலும்பு, குடல், மூளையுறை ஆகியவற்றையும் அது பற்றும். அங்கே சோதிப்பதற்குச் சளி ஏது? நோயுற்ற இடத்திலிருந்து ஒரு துணுக்குத் திசுவை எடுத்தே உண்மையை அறிய வேண்டியிருக்கிறது. அத்துணுக்கு நமக்கு எவ்வாறு சான்று கூறுகிறது என்பதை இன்று விளக்க விரும்புகிறேன்.

1882-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள், ராபர்ட் காக் பெர்லினில் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். சாயமேற்றி நுண்பெருக்கியில் காண்பது, ஊட்டப்பொருளில் வளர்ப்பது என்னும் இரு வழிகளே அதன்பின் நெடுங்காலம் நமக்குத் துணையாக இருந்தன. திசுவில் கிருமிகள் மிகச் சிலவே இருக்குமாதலால், முதல் வழி பலவேளை கைகொடுப்பதில்லை. இரண்டாவதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிருமியும் உயிரோடிருக்க வேண்டும். ஆனால் எடுத்த துணுக்கு முழுவதையும் பார்மலினில் இட்டுவிடுவது பல இடங்களில் வழக்கம். பார்மலின் திசுவின் வடிவைக் காக்கும், கிருமியையோ கொன்றுவிடும்.

அத்தகைய திசுவில் 'கிரானுலோமா' என்னும் நுண்ணிய முடிச்சுகள் தென்படலாம். அவை காசநோய்க்கே உரியவை அல்ல. சார்காய்டோசிஸ் என்னும் நோயிலும் தோன்றும். அதற்கு ஸ்டீராய்டு கொடுப்பர். காசநோயாளிக்குக் காசநோய் மருந்தின்றி அதை மட்டும் கொடுத்தால் நோய் முற்றிவிடக்கூடும். எனவே ஐயம் தீர்வது உயிரைப் பொறுத்த காரியமாகும்.

இங்கேதான் மரபணு வாசிப்பு உதவுகிறது. காசநோய்க் கிருமியின் மரபுத்தொடர் முழுவதும், ஏறத்தாழ 44 லட்சம் எழுத்துக்கள், 1998-இல் வெளியாயிற்று. கிருமி மாண்டாலும் அவ்வெழுத்துக்கள் துண்டுதுண்டாகவேனும் திசுவில் எஞ்சியிருக்கும். அவற்றைப் பெருக்கிப் படித்தால், இது காசநோய்க் கிருமியா, அதன் இனத்தைச் சேர்ந்த வேறொன்றா என்று அறியலாம். ஆர்.பி.ஓ.பி. என்னும் மரபணுவில் குறிப்பிட்ட மாறுதல்கள் காணப்பட்டால், ரிஃபாம்பிசின் மருந்து பலனளிக்காது என்றும் உணரலாம்.

எனினும் இச்சான்றுக்கும் எல்லை உண்டு. முன்பே குணமானவரின் திசுவில் மாண்ட கிருமியின் எழுத்துக்கள் கிடைக்கலாம். பார்மலினில் எழுத்துக்கள் சிதைந்து, நோயிருந்தும் ஒன்றும் கிடைக்காமற் போகலாம். ஆகவே மருத்துவர் நோயாளியையும் பார்த்தே முடிவு செய்வார்.

நேயர்கள் நினைவிற் கொள்ளவேண்டியது ஒன்று. உங்களுக்கோ உங்களைச் சேர்ந்தவர்க்கோ திசு எடுக்கும் நிலை வந்தால், "காசநோய்ச் சோதனைக்கென ஒரு பகுதியைப் பார்மலினில் இடாமல் உப்புநீரில் வைப்பீர்களா?" என்று முன்னதாகவே மருத்துவரைக் கேளுங்கள். பார்மலினில் இட்டபின் கிருமியை வளர்க்க இயலாது. வைத்த துணுக்கோ வளர்ப்புக்கும் உதவும், வாசிப்புக்கும் உதவும்.