அடைக்கலம் தந்தவர்க்கு அடியா?

(அரசியல் வகுப்பொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

1951ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, துன்புறுத்தலுக்கு அஞ்சி ஓடிவந்தவரை மட்டுமே அகதி என்றது. 1969 செப்டம்பரில் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு நிறைவேற்றிய உடன்படிக்கையோ, அந்நிய ஆக்கிரமிப்பாலும் ஆதிக்கத்தாலும் வெளியேறுவோரையும் அகதிகளாக ஏற்றது. அடைக்கலம் அளிப்பதைப் பகைமைச் செயலாகக் கருதலாகாது என்றும் விதித்தது.

நிறவெறித் தென்னாப்பிரிக்கா அதைப் பகைமையாகவே கருதியது. 1978 மே 4 அன்று அங்கோலாவின் கசிங்காவில், நமீபிய அகதிகள் தங்கியிருந்த ஸ்வாபோ முகாமை அதன் விமானங்கள் தாக்கின, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 1982 டிசம்பரில் லெசோத்தோவின் தலைநகர் மசேருவில் 42 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் 12 பேர் அம்மண்ணின் மக்கள்.

அண்டை நாடுகள் பணியவில்லை. தென்னாப்பிரிக்காவைச் சார்ந்திருப்பதைக் குறைக்க, 1980 ஏப்ரலில் ஒன்பது நாடுகள் லுசாகாவில் கூடி ஒருங்கிணைப்பு மாநாட்டை நிறுவின. இருப்புப்பாதையும் துறைமுகமும்கூட விடுதலைப் போரின் களங்களாயின.

1994இல் நிறவெறி ஆட்சி முடிவுற்றது. ஆனால் 2008 மே மாதத்தில், அதே நாட்டின் ஏழைக் குடியிருப்புகளில் மொசாம்பிக், ஜிம்பாப்வே தொழிலாளர்கள் வேட்டையாடப்பட்டனர். 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தென்னாப்பிரிக்கரும் அதில் அடக்கம். வேலையின்மையை விளைவித்த மூலதனம் தப்பிக்கொண்டது. பக்கத்துக் குடிசையில் வாழ்ந்த உழைப்பாளி குற்றவாளியானான்.

இந்தியா இன்றுவரை 1951 உடன்படிக்கையில் இணையவில்லை. ‘ஊடுருவல்காரர்’ என்னும் சொல் இங்கும் அதே வேலையைச் செய்கிறது. தோழர்களே, முதலில் அச்சொல்லை நம் நாவிலிருந்து அகற்றுவோம். பின்னர் மக்களிடம் செல்வோம்.