நீண்ட காலக் கடன் பத்திர நிதியும் நம் சேமிப்பும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்வியின் மேன்மையைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் குறைவறப் பேசிவிட்டார்கள். ஆகவே நான் பணத்தைப் பற்றிப் பேச எண்ணுகிறேன். நீண்ட காலக் கடன் பத்திரங்களை வாங்கி வைக்கும் குறியீட்டு நிதி, அதாவது இன்டெக்ஸ் ஃபண்டு என்பது யாது, அதில் எந்தப் பணத்தைப் போடலாம், எதைப் போடலாகாது என்பதே என் பேச்சின் பொருள்.

கடன் பத்திரம் என்ற சொல்லைக் கேட்டாலே நம் மூத்தோரின் முகம் மாறும். காரணம் உண்டு. சில மரக்கால் நெல்லுக்கும் ஒரு கலியாணச் செலவுக்கும் கைநாட்டு வைத்துவிட்டு, ஆயுள் முழுதும் பண்ணையில் உழைத்தவர்கள் நம் முன்னோர். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-ஆம் ஆண்டில்தான் வந்தது. பத்திரம் என்றால் கடன்பட்டவர் நாம் என்பதே நம் வீடுகளில் படிந்துபோன பொருள். நான் சொல்லவிருக்கும் பத்திரத்தில் அந்த இடம் மாறுகிறது. கடன் வாங்குபவர் இந்திய அரசு, கொடுப்பவர் நீங்கள். அரசு ஆறு மாதத்திற்கு ஒருமுறை வட்டி தரும். குறித்த நாளில் முதலைத் திருப்பித் தரும். பத்தாண்டுப் பத்திரம் உண்டு, முப்பதாண்டுப் பத்திரம் உண்டு. ஐம்பதாண்டுப் பத்திரமும் 2023 நவம்பரில் முதன்முதலாக வெளியிடப்பட்டது. பத்தாயிரம் ரூபாய் கையிலிருந்தால், ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தொடங்கிய ரீட்டெயில் டைரக்ட் திட்டத்தின் வழியே தனியொருவரும் நேரே வாங்கலாம்.

பலருடைய பணத்தைத் திரட்டி இத்தகைய பத்திரங்களை வாங்குவது பரஸ்பர நிதி. அதிலே குறியீட்டு நிதி என்பது, நிர்வாகியின் விருப்பு வெறுப்புக்கு இடமின்றி, முன்னமே வகுத்த ஒரு பட்டியலை அப்படியே பின்பற்றுவது. எட்டு முதல் பதின்மூன்று ஆண்டில் முதிரும் அரசுப் பத்திரங்களுக்கென ஒரு குறியீடு நம் நாட்டில் உண்டு. அமெரிக்காவில் வான்கார்டு நிறுவனம் 1986-இல் பத்திரக் குறியீட்டு நிதியையும், 1994-இல் நீண்ட காலப் பத்திரங்களுக்கெனத் தனி நிதியையும் தொடங்கியது. ஆராய்ந்து பொறுக்கும் வேலை இல்லாததால் செலவு குறைவு. இவ்வளவும் எளிது.

இனி வருவது கரும்பலகை வேண்டிய பகுதி. நூறு ரூபாய்ப் பத்திரம் ஒன்று, முப்பதாண்டு, ஏழு விழுக்காடு வட்டி. நீங்கள் வாங்கிய மறுநாளே நாட்டில் வட்டி எட்டு விழுக்காடாக ஏறிவிட்டது என்று கொள்ளுங்கள். புதிய பத்திரம் எட்டு ரூபாய் தரும்போது உங்கள் ஏழு ரூபாய்ப் பத்திரத்தை நூறு கொடுத்து யார் வாங்குவார்? கணக்குப் போட்டால் அதன் விலை 88 ரூபாய் 74 காசுக்கு இறங்கும். பத்தாண்டுப் பத்திரமானால் 93 ரூபாய் 29 காசு. ஓராண்டுப் பத்திரமானால் 99 ரூபாய் 7 காசு. வட்டி ஆறாகக் குறைந்தாலோ, அதே முப்பதாண்டுப் பத்திரம் 113 ரூபாய் 76 காசுக்கு ஏறும். காலம் நீள நீள ஊஞ்சலின் வீச்சும் நீளுகிறது. என் வகுப்பில் இக்கணக்கைப் போட்டுக் காட்டியபோது ஒரு மாணவி, “அரசாங்கம் ஒன்றும் தவறு செய்யவில்லையே ஐயா, பிறகு ஏன் விலை இறங்குகிறது?” என்று கேட்டாள். பெரியவர்கள் கேட்க மறக்கும் கேள்வி அது. நான் மறந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் படித்த தம்பி ஒருவர், பேருந்து நடத்துநராகப் பணியாற்றுபவர், 2021 ஆகஸ்டில் ஒரு லட்சம் ரூபாயோடு என் வீட்டிற்கு வந்தார். “அரசுப் பத்திர நிதி, முதலுக்கு மோசமில்லை” என்று சொல்லி, நீண்ட காலப் பத்திர நிதி ஒன்றில் போடச் சொன்னேன். 2022 மே மாதத்தில் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை நான்கு விழுக்காட்டிலிருந்து ஏற்றத் தொடங்கியது. 2023 பிப்ரவரியில் அது ஆறரையைத் தொட்டது. 2022 ஜூனில் தம்பி மீண்டும் வந்தார். கையிலிருந்த தாளில் தொண்ணூற்றாறாயிரத்துச் சொச்சம் என்றிருந்தது. தங்கையின் செவிலியர் படிப்புக்கு அடுத்த மாதம் பணம் கட்டியாக வேண்டும். விற்றார். குறைந்த தொகையை நான் கொடுக்க முயன்றேன், வாங்க மறுத்துவிட்டார்.

அரசு அவரை ஏமாற்றவில்லை. பணம் எப்போது வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அதுவே தவறு. இன்னும் மூன்றாண்டு பொறுக்க முடிந்திருந்தால், ஏறிய வட்டியே அந்த இழப்பை ஈடு செய்து மேலும் வளர்த்திருக்கும். ஆனால் கல்லூரி பொறுக்காதே.

படித்தவர்களும் பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறுதலன்று, பாடம்தான். 2022-இல் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை விரைந்து ஏற்றியபோது, அந்நாட்டின் நீண்ட கால அரசுப் பத்திர நிதிகள் ஒரே ஆண்டில் கால் பங்குக்கு மேல் மதிப்பிழந்தன. வாடிக்கையாளர் எந்நேரமும் கேட்கக்கூடிய வைப்புப் பணத்தை நீண்ட காலப் பத்திரங்களில் முடக்கியிருந்த சிலிக்கன் வேலி வங்கி 2023 மார்ச்சில் வீழ்ந்தது. நடத்துநர் தம்பிக்கு நேர்ந்ததும் அந்த வங்கிக்கு நேர்ந்ததும் அடிப்படையில் ஒன்றே.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. தனிப் பத்திரம் ஆண்டுதோறும் வயது குறைந்து ஒரு நாள் முதிரும். அன்று முழு முதலும் வரும். குறியீட்டு நிதியோ முதிர்வு நெருங்கும் பத்திரங்களைக் கழித்துவிட்டுப் புதியவற்றைச் சேர்த்துக்கொண்டே போகும். மார்க்கண்டேயனுக்கு என்றும் பதினாறு. இந்நிதிக்கு என்றும் பத்து. இன்ன நாளில் இன்ன தொகை என்ற உறுதி அதில் கிடையாது. அந்த உறுதியைப் பெரும்பாலும் விரும்புவோர்க்கு, குறித்த ஆண்டில் முடியும் குறியீட்டு நிதிகள் இருக்கின்றன. பொதுத்துறை நிறுவனப் பத்திரங்களை வாங்கும் பாரத் பாண்டு 2019 டிசம்பரில் அவ்வகையில் வந்ததே. 2023 ஏப்ரலுக்குப் பின் வாங்கிய இத்தகைய நிதிகளின் ஆதாயத்துக்கு அவரவர் வருமான விகிதப்படியே வரி என்பதையும் நினைவில் வையுங்கள்.

விலைவாசியை மறந்தால் கணக்கு முழுமையாகாது. ஆண்டுக்கு ஆறு விழுக்காடு விலை ஏறினால், இன்று நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பொருளுக்கு முப்பதாண்டு கழித்து 574 ரூபாய் வேண்டும். ஏழு விழுக்காடு வட்டியில் உண்மையான வளர்ச்சி எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். அண்ணல் அம்பேத்கர் 1923-இல் வெளியிட்ட ரூபாயின் சிக்கல் பற்றிய நூலில், ரூபாயின் வாங்கும் ஆற்றலை நிலைநிறுத்துவதையே முதன்மையாக வலியுறுத்தினார். நம் இளைஞர்களில் எத்தனை பேர் அந்நூலைப் புரட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்தமாட்டேன்.

நம் சங்கத்தின் உதவித்தொகை நிதியை எங்கே வைப்பது என்று செயற்குழு என் கருத்தைக் கேட்டிருந்தது. அடுத்த மூன்றாண்டில் கட்ட வேண்டிய கட்டணம் முழுவதும் வங்கி வைப்பிலேயே இருக்கட்டும். வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஐந்து லட்சம் வரையே என்பதால், ஒரே வங்கியில் குவிக்க வேண்டாம். இன்று ஒன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் கல்லூரி வாயிலை அடையப் பன்னிரண்டு ஆண்டு ஆகும். அவர்களுக்கென ஒதுக்கும் பங்கை, அந்த ஆண்டையொட்டி முதிரும் அரசுப் பத்திரங்களில் வைக்கலாம். முதிர்வில்லா நீண்ட காலக் குறியீட்டு நிதிக்கு, தொடாமல் வட்டியை மட்டும் எடுக்கும் நிரந்தர முதலில் ஒரு சிறு பகுதி போதும். பொருளாளர் ஐயா அனைத்தும் வங்கியிலேயே இருக்க வேண்டும் என்கிறார். அவருடைய அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பன்னிரண்டு ஆண்டுக்குள் வட்டி குறைந்துபோனால், முதிரும் வைப்பைக் குறைந்த வட்டிக்கே புதுப்பிக்க நேரும். வரும் பொதுக்குழுவில் உறுப்பினர்கள் இரண்டு கணக்கையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வீட்டுச் சேமிப்பைப் பற்றித் தனியே கேட்க விரும்புவோர் உணவுக்குப் பின் மேற்கு வகுப்பறைக்கு வரலாம். பாஸ் புத்தகத்தோடு, பிள்ளைகளின் வயதையும் எழுதி எடுத்து வாருங்கள்.