நூறாண்டு காத்த பீப்பாய்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)

 

ஆஸ்திரேலியாவில் நான் கண்டுவந்த பழைய திராட்சை மது ஆலை ஒன்றைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், உங்களிற் சிலர் முகம் சுளித்தீர்கள். அது நியாயமே. குடியினால் கெட்ட குடும்பங்கள் எத்தனை என்பதை என்னைவிட நீங்கள் நன்கறிவீர்கள். 1937-ஆம் ஆண்டிலேயே சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிப் பார்த்த மாநிலம் நம்முடையது. ஆகவே மதுவைப் புகழ நான் இங்கு நிற்கவில்லை. விளைந்த பழத்தை ஓர் உழவர் சமுதாயம் எவ்வாறு விலையுள்ள பொருளாக்கிற்று, நல்ல காலத்திலும் கெட்ட காலத்திலும் எவ்வாறு நிலைத்து நின்றது என்பதைச் சொல்லவே வந்தேன். பாத்திரத்தில் இருப்பதை விட்டுவிடுங்கள். பாத்திரத்தைப் பிடித்த கையை மட்டும் கவனியுங்கள்.

தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் சென்றால் பரோசா பள்ளத்தாக்கு வரும். ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழையே பெய்யும் பூமி அது. அதுவும் பெரும்பாலும் அவர்களுடைய குளிர்காலத்தில் பெய்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானியக் குடியானவர்கள் பலர் அங்குக் குடியேறினர். அவர்களோடு வந்தவர் ஜோசப் எர்ன்ஸ்ட் செப்பெல்ட் என்னும் வணிகர். 1851-இல் அவர் நிலம் வாங்கி முதலில் பயிரிட்டது புகையிலை. அந்த மண்ணுக்கு அது ஒத்துவரவில்லை. விளைந்த இலை சந்தைக்கு உதவாமற் போயிற்று. அவர் மண்ணை நொந்துகொள்ளவில்லை, பயிரை மாற்றினார். திராட்சைக் கொடி நட்டார். அவர் பெயராலேயே அவ்வூர் இன்று செப்பெல்ட்ஸ்ஃபீல்டு எனப்படுகிறது.

ஆலையை நெருங்கும்போதே ஒரு காட்சி நம்மை நிறுத்துகிறது. சாலையின் இருமருங்கிலும் ஓங்கி வளர்ந்த கேனரித் தீவுப் பேரீச்ச மரங்கள் நெடுந்தூரம் அணிவகுத்து நிற்கின்றன. அவை 2,000-க்கும் மேற்பட்டவை. அலங்காரத்துக்காக நட்டவை என்றே நான் முதலில் எண்ணினேன். உண்மை வேறு. 1930-களின் தொடக்கத்தில் உலகெங்கும் பொருளாதார மந்தம் வந்தபோது ஆலையில் வேலை குறைந்தது. ஆயினும் ஆட்களை வீட்டுக்கு அனுப்ப அக்குடும்பத்தார் விரும்பவில்லை. உணவும் உறையுளும் தந்து, அவர்களைக் கொண்டே இம்மரங்களை நடச் செய்தனர். பஞ்ச காலத்தில் ஏரி வெட்டிச் சோறிட்ட பெரியோர்களைப் பற்றி நாம் கேட்டிருக்கிறோம் அல்லவா? மனம் ஒன்றே, இவர்கள் வெட்டியது ஏரியன்று, நட்டது மரம். அன்று பட்டினியைத் தடுத்த மரங்களைக் காண்பதற்கே இன்று வெளியூரார் வருகிறார்கள்.

அடுத்து ஆலைக் கட்டடம். செப்பெல்ட்டின் மகன் பென்னோ 1888-இல் அதனைக் குன்றின் சரிவில் படிப்படியாக அமைத்தார். பழ வண்டிகள் மேல் தளத்துக்கு வந்து சேரும். அங்கே பழம் நசுக்கப்படும். சாறு தானாகக் கீழே இறங்கிப் புளிக்கும் தொட்டிகளை அடையும். அதற்கும் கீழே பிழியும் இடம், அதற்கும் கீழே சேமிப்பறை. பம்பு வேண்டியதில்லை. வாய்க்காலின் மேட்டிலிருந்து மடைக்கு நீர் பாய்ச்சும் நம் உழவனின் அறிவேதான் அது. பிற்காலத்தில் பயனற்றுக் கிடந்த இவ்வமைப்பைப் பழுதுபார்த்து 2010-இல் மறுபடியும் இயங்கச் செய்திருக்கிறார்கள். பழைய முறை என்பதற்காகவே ஒன்றைத் தள்ளிவிடலாகாது என்பதற்கு இது சான்று.

இனி அந்த ஆலையின் பெரும்புகழுக்குக் காரணமான சேமிப்பறைக்கு வருவோம். 1878-ஆம் ஆண்டில் பென்னோ, தம்மிடமிருந்தவற்றுள் சிறந்த திராட்சை மதுவை 500 லிட்டர் கொள்ளும் ஒரு மரப்பீப்பாயில் நிரப்பினார். நூறாண்டு கழியும்வரை அதை எவரும் தொடலாகாது என்று கட்டளையிட்டார். தாம் அதைச் சுவைக்கப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். தம் மக்களும் சுவைக்கப் போவதில்லை. ஆயினும் அவ்வாண்டு தொடங்கி ஆண்டு தவறாமல் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டு வந்தது. போர்கள் வந்தன, மந்தம் வந்தது. 1980-களில் ஆலையே அக்குடும்பத்தின் கையைவிட்டு வேறு நிறுவனங்களிடம் சென்றது. வந்தவர் எவரும் அந்தப் பீப்பாய்களில் கைவைக்கவில்லை. முதற் பீப்பாய் 1978-இல் திறக்கப்பட்டது. அதுமுதல் ஆண்டுதோறும் நூறு வயது நிரம்பிய மது வெளிவருகிறது. மரத்தின் வழியே ஆவியாகிச் சுண்டிச் சுண்டி, நூறாண்டில் அது தேனைப்போல் திரண்டு, கருநிறம் பெற்றுவிடுகிறது.

அந்த அறையில் நின்றபோது வரிசை வரிசையாகப் பீப்பாய்களின்மேல் ஆண்டுகள் எழுதியிருக்கக் கண்டேன். வருவோர் தாம் பிறந்த ஆண்டின் பீப்பாயைத் தேடி அதன்முன் நிற்கிறார்கள். நான் பிறந்த ஆண்டின் பீப்பாயும் அங்கே இருந்தது. நான் குடிக்கவில்லை, ஆனால் அதன்முன் சிறிதுநேரம் நின்றேன். நூறாண்டுக்கு அப்பால் வரப்போகிறவனை நினைத்து நம் ஊரில் இன்று எதை ஒதுக்கி வைக்கிறோம்? மேய்ச்சல் நிலத்தையா, ஏரியின் ஆழத்தையா, நிலத்தடி நீரையா? இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஆஸ்திரேலியாவில் இத்தகைய ஆலைகளின் வாசலிலேயே பொருளை விற்கும் இடத்தைச் ‘செல்லர் டோர்’ என்பார்கள். சேமிப்பறை வாசல் என்று நாம் சொல்லலாம். தரகர் குறுக்கே இல்லை. விளைவித்தவனும் வாங்குபவனும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். எந்த வயல், எந்த ஆண்டு, மழை எப்படி என்று வாங்குபவன் கேட்கிறான்; அதற்கு விடை சொல்லக்கூடியவன் எதிரே இருக்கிறான். பழைய குதிரை லாயம் ஒன்றில் 2013 முதல் கைவினைஞர்கள் பட்டறை வைத்திருக்கிறார்கள். ஒரு பொருளைப் பார்க்க வருபவன் ஊராரின் பல பொருள்களையும் வாங்கிச் செல்கிறான்.

ஆனால் எல்லாம் இன்பக் கதையே என்று எண்ணிவிட வேண்டாம். 1970-களின் இறுதியில் பரோசாவில் திராட்சை மிகுந்து போயிற்று. உழவர்களிடம் பழம் வாங்குவதாகச் சொல்லியிருந்த ஒரு நிறுவனம், வாங்கவேண்டாம் என்று தன் ஆலை மேலாளருக்கு உத்தரவிட்டது. பீட்டர் லேமன் என்னும் அம்மேலாளர், ‘நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்’ என்று மறுத்தார். வேறிடத்தில் முதல் திரட்டி, 1979-இல் தாமே தொழில் தொடங்கிப் பழத்தை வாங்கினார். பத்திரத்தில் எழுதாத வாக்குத்தான் அது. எனினும் பல குடும்பங்கள் அதனால் தப்பின.

அதன் பின்னும் துன்பம் தீரவில்லை. 1980-களின் நடுவில், கொடிகளைப் பிடுங்கி எறிந்தால் பணம் தருவதாக அரசாங்கமே அறிவித்தது. நூறாண்டு கண்ட கொடிகள் பல வேரோடு போயின. சில ஆண்டுகளில் காற்றுத் திரும்பிற்று. முதிய கொடியின் பழத்துக்கே உலகச் சந்தையில் மதிப்பு உயர்ந்தது. பிடுங்காமற் பொறுத்தவர் பிழைத்தனர். ஒரு பருவத்து விலையைப் பார்த்து நூறாண்டுப் பயிரை அழிப்பது எத்துணைத் தவறு என்பதை அவர்கள் பெருவிலை கொடுத்துக் கற்றார்கள்.

அம்முதிய கொடிகள் அதுவரை உயிரோடு இருந்ததற்கும் காரணம் உண்டு. ஃபிலாக்சரா என்னும் வேர்ப்பூச்சி பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களைப் பாழாக்கிற்று. 1877-இல் பக்கத்து விக்டோரியாவிலும் தோன்றியது. தெற்கு ஆஸ்திரேலியர் 1899-இல் சட்டம் இயற்றினர். வெளியிலிருந்து கொடி வருவதைக் கட்டுப்படுத்தினர். உழவர்களே வரி செலுத்தி வாரியம் ஒன்றை நடத்தினர். ஒருவன் அசட்டையாயிருந்தால் ஊர் முழுவதும் அழியும் என்பதை உணர்ந்து எல்லாரும் ஒருங்கே காவல் நின்றார்கள்.

நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பரோசாவின் பெயரும் 1997 முதல் இதேபோல் பதிவு பெற்றுப் பாதுகாக்கப்படுகிறது. ஊரின் பெயர் ஊரார் அனைவர்க்கும் பொதுவான சொத்து. ஏரியைப் போன்றது அது. ஒருவன் கலப்படம் செய்தால் எல்லாருடைய பெயரும் கெடும். குறியீடு வாங்குவது ஒருநாட் காரியம். அதைக் காப்பது தலைமுறைக் காரியம்.

நண்பர்களே! அவர்கள் செய்த பொருள் நமக்கு வேண்டாம். ஆனால் மண்ணுக்கேற்ற பயிரைத் தேடிய அறிவு, மந்தத்தில் ஆளைக் கைவிடாத நெஞ்சம், சொன்ன சொல் தவறாத நாணயம், பூச்சியைத் தடுக்க ஒன்றுகூடிய ஒற்றுமை, பிறக்காத பேரனுக்காக ஒரு பங்கை ஒதுக்கிய தொலைநோக்கு ஆகியவை நமக்கு வேண்டும். அடுத்த ஊராட்சிக் கூட்டத்தில், நூறாண்டுக்குப் பின் வருபவர்க்கென நம் ஊர் எதனை ஒதுக்கி வைக்கும் என்னும் ஒரு பொருளையேனும் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதுவே என் வேண்டுகோள்.