சிறுநீரகப் புற்றுநோயும் காவற் புரதங்களும்



நமது உடலின் ஒவ்வொரு கலத்திலும் டி.என்.ஏ. எனப்படும் பரம்பரை இழை உளது. அவ்விழையில் நாள்தோறும் ஆயிரக்கணக்கான சிறு சேதங்கள் நிகழ்கின்றன. வெளியிலிருந்து நஞ்சு வரவேண்டியதில்லை. கலம் உயிர்வாழ்வதே போதும். இருந்தும் நம்மிற் பெரும்பாலோர் நோயின்றி வாழ்வதற்குக் காரணம், சேதத்தைத் தேடித் திருத்தும் புரதங்களும், கட்டுமீறிப் பெருகும் கலத்தைத் தடுக்கும் புரதங்களுமேயாம். பின்னவற்றைப் புற்றடக்கிகள் என்பர்.

ஒவ்வொரு பரம்பரையலகும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கின்றது. தந்தை வழி ஒன்று, தாய் வழி ஒன்று. ஒன்று கெட்டாலும் மற்றது காக்கும். இரண்டும் கெட்டாலே காவல் ஒழியும் என்று 1971ஆம் ஆண்டில் அல்பிரட் நட்சன் என்னும் அமெரிக்க அறிஞர், குழந்தைகளின் கண்ணில் தோன்றும் புற்றுநோயை ஆராய்ந்து கூறினார்.

சிறுநீரகத்தில் மிகுதியாகக் காணப்படும் தெளிகலப் புற்றுநோயில் ஒரு விபரீதம் உண்டு. மூன்றாம் நிறமூர்த்தத்தின் குறுங்கரத்தில் வி.எச்.எல்., பி.பி.ஆர்.எம்.1, எஸ்.ஈ.ரி.டி.2, பி.ஏ.பி.1 என்னும் நான்கு காவலர்களும் அருகருகே குடியிருக்கின்றனர். அக்கரம் முறிந்து தொலைந்தால் நால்வருக்கும் ஒருங்கே ஒவ்வொரு பிரதி போய்விடுகின்றது. நாலு திறப்புகளையும் ஒரே வளையத்திற் கோத்து வைத்த வீட்டுக்காரனின் நிலைதான்! இவ்விழப்பு பலருக்குச் சிறுபராயத்திலோ இளம்பருவத்திலோ நேர்ந்துவிடுகின்றதென 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நோய் வெளிப்படுவதோ பல பத்தாண்டுகளின் பின்னர். எஞ்சிய பிரதி கெடும்வரை கலம் அமைதியாகவே இருக்கும்.

வி.எச்.எல். புரதம், ஒட்சிசன் குறைந்த வேளையில் மட்டும் தேவைப்படும் ஒரு புரதத்தை, ஒட்சிசன் போதியளவு உள்ளபோது அழிவுக்கு அனுப்புகின்றது. இது கெட்டால், கலம் மூச்சுத்திணறுவதாகத் தவறாக எண்ணிப் புதிய குருதிக்குழாய்களை வரவழைக்கும். ஒட்சிசனைக் கலம் உணரும் விதத்தை விளக்கிய கேலின், ரட்கிளிவ், செமன்சா ஆகிய மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

திருத்த வேலையோடு நெருங்கிய தொடர்புடையது எஸ்.ஈ.ரி.டி.2. டி.என்.ஏ. இழை சுற்றியிருக்கும் ஹிஸ்ரோன் புரதங்களின் மீது இது ஒரு சிறு இரசாயன அடையாளம் இடுகின்றது. பிரதியெடுக்கும்போது நேரும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் புரதம், அவ்வடையாளத்தைக் கண்டே அங்கு வந்து பற்றுகின்றது. இழையின் இரு புரிகளும் அறும்போது, உடன்பிறந்த பிரதியைப் பார்த்துப் பிழையின்றி இணைப்பதற்கும் அது வேண்டும். அடையாளமில்லையேல் அறுந்த முனைகள் கண்டபடி ஒட்டப்படும்; பிழைகள் நிலைத்துவிடும்.

இக்குறையையே ஆயுதமாக்க 2015இல் ஒரு வழி கண்டனர். வீ1 என்னும் நொதியத்தைத் தடுத்தால், அடையாளமிழந்த கலங்கள் டி.என்.ஏ.யை ஆக்கும் மூலப்பொருளின்றி மடிந்தன. ஆய்வுகூடத்திற் கிடைத்த அவ்வெற்றி நோயாளரிடம் அவ்வாறே பலிக்கவில்லை. ஆனால் வி.எச்.எல். வழியில் முன்னேற்றம் ஏற்பட்டது: பெல்சூட்டிபான் என்னும் மாத்திரை, பரம்பரையாக வி.எச்.எல். குறையுடையோருக்கென 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அத்தகைய குடும்பங்களிற் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அக்குறை வந்து சேரும் வாய்ப்பு சரிபாதி. குருதிப் பரிசோதனையால் அதனை முன்கூட்டியே அறியலாம். அறிந்தவர்களின் சிறுநீரகங்களை ஒழுங்காகப் படம்பிடித்துப் பார்க்கும் வைத்தியர்கள், கட்டி மூன்று சதமமீற்றரை எட்டும்வரை பெரும்பாலும் காத்திருந்து, பின்னரே கத்தியை எடுப்பர். சிறுநீரகத்தில் இயன்றளவைக் காப்பாற்றுவதே அவர்களது நோக்கம்.