மண் சொன்ன சாட்சி



போர்ச்சுகலில் கோஆ என்று ஓர் ஆறு. 1992ல் ஒரு மின்சாரக் கம்பெனி அங்கே அணை கட்டத் தொடங்கியது. 1994ல் விஷயம் அம்பலமாயிற்று. முழுகப் போகும் கரைப் பாறைகளிலே குதிரை, காட்டுமாடு, மலையாடு என ஏராளமான செதுக்குச் சித்திரங்கள்!

வயதென்ன? விலங்குகளின் உருவ அமைப்பைப் பார்த்து, பழங்கற்காலத்தவை என்றனர் தொல்பொருள் ஆராய்ச்சியாளர். கம்பெனி வரவழைத்த நிபுணர்களிலே சிலர், அவ்வளவு பழமை இல்லை என்றனர். பழமை போனால் அணைக்குத் தடை ஏது?

மாணவர்கள் தெருவில் இறங்கினர். 1995 தேர்தலில் புதிய சர்க்கார் வந்தது. அணை வேலை நின்றது.

1999ல் ஃபரிசேயு என்ற இடத்தில் தோண்டினார்கள். அங்கே சித்திரப் பாறையை மூடிக் கிடந்தது பழங்கற்கால மண் அடுக்கு! மூடிய மண்ணே 10,000 ஆண்டுக்கு மேற்பட்டதென்றால், அடியிலுள்ள சித்திரம் அதற்கும் மூத்தது தானே?

அந்தப் பாறைகளில் அரசன் பெயர் இல்லை. கல்லைக் கொண்டு கல்லைக் கொத்திய உழைப்பாளிக் கைகளின் வேலை அது. அதை நீரில் முழுகாமல் காத்தது ஜனங்களின் குரல். வயதைச் சொன்னது மண்.

நிபுணர் சொன்னார் என்று யாரேனும் வந்தால், நாம் இரண்டு கேள்வி கேட்போம்: ஆதாரம் எது? செலவு யாருடையது?