வைத்தியரிடம் போய்ச் சேருமுன்

(ஒரு கிராமப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சாரம்)



வயது வந்த ஒவ்வொருவரும் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டியவை எவை என்பதைப் பற்றிப் பேசும்படி இவ்வூர் இளைஞர்கள் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். சமைக்கத் தெரிய வேண்டும், வட்டிக் கணக்குப் போடத் தெரிய வேண்டும், படித்துப் பார்க்காத காகிதத்தில் கையெழுத்துப் போடாதிருக்கத் தெரிய வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனால் பொழுது விடிந்துவிடும். ஆகையால் ஒன்றை மாத்திரம் எடுத்துக்கொள்ளுகிறேன். ஓர் உயிர் ஆபத்திலிருக்கும்போது, வைத்தியரிடம் போய்ச் சேரும்வரையிலுள்ள அந்தச் சிறிது நேரத்தில் பக்கத்திலிருக்கிற நாம் என்ன செய்வது என்பதே அது.

நமது நாட்டில் 18 வயது நிரம்பினால் ஓட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அவ்வளவு பெரியவனாகிவிட்டவனை, "உன் பிள்ளைக்கு வயிற்றால் போகிறது, என்ன செய்வாய்? உன் தகப்பனைப் பாம்பு கடித்துவிட்டது, என்ன செய்வாய்?" என்று கேட்டுப் பாருங்கள். முழிப்பான். அல்லது, கேட்டதற்கு மேலேயே பதில் சொல்லுவான். அந்தப் பதில்தான் ஆளைக் கொல்லுகிற பதில்!

முதலில் பாம்புக் கடியை எடுத்துக்கொள்ளுவோம். இங்கே கூடியிருப்பவர்களில் பெரும்பாலோர் நிலத்தில் கால் வைத்துப் பிழைக்கிறவர்கள். 2000 முதல் 2019 வரையிலான 20 வருஷங்களில் இந்தியாவில் பாம்பு கடித்துச் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சிக்காரர்கள் மதிப்பிட்டு 2020ல் வெளியிட்டார்கள். அதாவது வருஷத்திற்கு 58,000 பேர். இவர்களில் மாடி வீட்டுக்காரர் எத்தனை பேர் இருப்பார்? செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தார். வயலில் குனிந்தவர்களும், தரையில் படுத்தவர்களுமே யாவர்.

இதற்கு மருந்தில்லையா என்றால், இருக்கிறது. 1890களிலேயே கால்மெட் என்ற பிரெஞ்சுக்காரர் வழி காட்டிவிட்டார். பாம்பின் விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றுகிறார்கள். குதிரையின் உடம்பு அந்த விஷத்தை எதிர்க்கும் சத்தைத் தன் ரத்தத்தில் உண்டாக்கிக் கொள்ளுகிறது. அந்தச் சத்தைப் பிரித்தெடுத்ததுதான் விஷமுறிவு ஊசி. நம் நாட்டில் அதிகமான பேரைக் கொல்லுகிற நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிற்கும் சேர்த்தே அந்த ஊசி செய்யப்படுகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு வாங்காமலே போடுகிறார்கள்.

ஒரு சங்கதியை இங்கே சொல்லியாக வேண்டும். அந்த ஊசிக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுக்கிறவர்கள் யார் தெரியுமா? மாமல்லபுரத்திற்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978ல் ஏற்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். அந்த இருளர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு தோழர்களை, மலைப்பாம்புத் தொல்லை தாளாமல் 2017ல் அமெரிக்காவிலுள்ள புளோரிடாவுக்கு வரவழைத்துக் கொண்டார்கள். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ பட்டமும் கிடைத்தது. கருட மந்திரம் ஜெபிக்கிறவர் ஒருவரையும் அமெரிக்காக்காரன் கூப்பிட்டதாகத் தெரியவில்லை!

மருந்து இருந்தும் ஏன் சாகிறார்கள்? பல பேர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவதே இல்லை. வருகிறவர்களிலும் பலர் காலங்கடந்து வருகிறார்கள். வழியில் மந்திரவாதி வீடு இருக்கிறது. வேப்பிலை அடிக்கவேண்டும், வேர் அரைத்துக் கொடுக்கவேண்டும், மிளகு கொடுத்து உறைப்பு தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். இத்தனையும் முடிவதற்குள் இரண்டு மூன்று மணி நேரம் தொலைந்து போகிறது. எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் கடலைக் காட்டில் கடிபட்ட ஒரு தாயை இப்படித்தான் மூன்று மணி நேரம் உட்கார வைத்திருந்தார்கள். தாலுகா ஆஸ்பத்திரி அங்கிருந்து ஏழே மைல். வண்டியும் வாசலில் நின்றுகொண்டிருந்தது. அந்த அம்மாள் பிழைக்கவில்லை.

"ஏனய்யா, மந்திரத்தில் பிழைத்தவர்களை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோமே!" என்று நீங்கள் கேட்கலாம். கண்டிருப்பீர்கள், நான் இல்லையென்று சொல்லவில்லை. இந்நாட்டில் 300 வகைக்குக் குறையாமல் பாம்புகள் இருக்கின்றன. சாரை, தண்ணீர்ப் பாம்பு, மண்ணுளி முதலிய பெரும்பாலானவைகளுக்கு மனிதனைக் கொல்லும் விஷம் கிடையாது. விஷப் பாம்புங்கூடச் சில சமயம் பல்லை மாத்திரம் பதித்து விஷத்தை இறக்காமலே போய்விடுகிறது. ஆகவே கடிபட்டு வருகிற பத்துப் பேரில் பல பேர், மந்திரவாதி வாயைத் திறக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் எழுந்து நடந்து போகிறவர்களே. அவர்கள் பிழைத்தால் மந்திரத்தின் மகிமை. உண்மையில் விஷம் ஏறியவன் செத்தால் மாத்திரம் அவன் விதி! லாபமெல்லாம் தனக்கு, நஷ்டமெல்லாம் விதிக்கு என்று எழுதிக்கொள்ளுகிற வியாபாரம் இது ஒன்றுதான்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்லுகிறேன். கடிபட்டவரை ஓடவோ நடக்கவோ விடாதீர்கள். அசைய அசைய விஷம் சீக்கிரம் பரவும். உட்கார வைத்தோ படுக்க வைத்தோ, "மருந்து இருக்கிறது, பயப்படாதே" என்று தைரியம் சொல்லுங்கள். மோதிரம், மெட்டி, கொலுசு, வளையல் இவைகளை உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. முறிந்த எலும்புக்குத் தப்பை வைத்துக் கட்டுவது போலக் கடிபட்ட கையையோ காலையோ ஒரு குச்சியோடு சேர்த்து, இறுக்காமல், அசையாதபடி மாத்திரம் கட்டுங்கள். 108க்குச் சொல்லுங்கள், வண்டி வரத் தாமதமாகுமானால் கிடைத்த வண்டியில் ஏற்றுங்கள். கடித்த நேரத்தை நினைவில் வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவற்றைக் கேளுங்கள். கயிற்றைக் கொண்டு இறுக்கிக் கட்டாதீர்கள். ரத்த ஓட்டம் நின்று, விஷத்திற்குத் தப்பியவன் காலை இழந்ததுண்டு. கத்தியால் கீறாதீர்கள். விரியன் கடியில் ரத்தம் உறையும் சக்தியையே இழந்துவிடும். நீங்கள் கீறிய இடத்திலிருந்து அது நிற்காமல் ஓடும். வாயால் உறிஞ்சாதீர்கள், சினிமாவோடு அது இருக்கட்டும். பாம்பை அடித்து எடுத்துப் போகவேண்டுமென்று புதரைக் கலைத்து, இரண்டாவது ஆளும் கடிபட வேண்டாம். டாக்டர் உடம்பில் தெரியும் குறிகளைப் பார்த்தே வைத்தியம் செய்வார்.

கட்டுவிரியனைப் பற்றி மாத்திரம் தனியாக எச்சரிக்கிறேன். அது ராத்திரியில் வரும். தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும். பல சமயம் வலியும் இராது, வீக்கமும் இராது, பல் பட்ட அடையாளமும் தெரியாது. விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்பார், கண் இமை தொங்கும், பேச்சுக் குழறும், பிறகு மூச்சு நின்றுவிடும். வீட்டார் "காற்றுக் கருப்பு அடித்துவிட்டது" என்று விபூதி போட்டுக்கொண்டிருப்பார்கள். தரையில் படுத்தெழுந்தவருக்கு இமை தொங்கினால் கடி இருக்கிறதா என்று தேடிக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கட்டிலும், ஓரங்களைப் பாய்க்கடியில் செருகிய கொசுவலையும், ராத்திரி வெளியே போகும்போது ஒரு டார்ச் லைட்டும் எந்த ரட்சையையும்விட அதிகமாகக் காப்பாற்றும்.

இரண்டாவது, குழந்தைகளின் வயிற்றுப்போக்கு. தாய்மார்களே, இதைக் கவனித்துக் கேளுங்கள். தகப்பன்மார்கள் அதைவிட அதிகமாகக் கவனியுங்கள். பிள்ளை வளர்ப்பது அவளுடைய வேலை என்று திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கு அப்பா என்ற பட்டம் எதற்கு? பேதியில் குழந்தை சாவது தோஷத்தாலும் அல்ல, கண்ணேறாலும் அல்ல. உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும் வெளியேறிப் போய்விடுவதால் சாகிறது. நாமோ, "தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்" என்று சொல்லி, உள்ள தண்ணீரையும் நிறுத்தி விடுகிறோம்!

1971ல் கிழக்கு வங்காளத்தில் யுத்தம் மூண்டு, லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்தில் வந்து குவிந்தார்கள். முகாம்களில் காலரா புகுந்தது. நரம்பு வழியாக ஏற்றும் தண்ணீர் தீர்ந்து போகும் நிலை. திலீப் மஹலானபிஸ் என்ற டாக்டர் உப்பு, சர்க்கரை, சோடா உப்பு இவைகளை அளந்து தண்ணீரில் கலந்து, நோயாளியின் உறவினர்களையே குடிப்பாட்டச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் 4 பேருக்கும் குறைவாகச் செத்தார்கள். காப்பாற்றிய கைகள் பெரும்பாலும் தாய், தகப்பன், தமையன், தங்கையுடைய கைகள். சர்க்கரை குடலுக்குள் போகும்போது உப்பையும் கூட இழுத்துக்கொண்டு போகிறது; உப்புப் போகிற இடத்திற்குத் தண்ணீர் போகிறது. ரகசியம் அவ்வளவுதான்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அதில் அச்சிட்டுள்ள அளவுத் தண்ணீரில் முழுவதையும் கரையுங்கள். கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு அதிகமானால் ஆபத்து. ஆகையால் கையால் அள்ளிப் போடாதீர்கள். நாக்கில் வைத்துப் பார்த்தால் கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக் கூடாது. ஒவ்வொரு முறை போனதற்கும் பிறகு, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தியெடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடியும் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஒரு நாளைக்கு மேல் அந்தத் தண்ணீரை வைத்திராதீர்கள். கண் குழி விழுந்தாலும், அழுதால் கண்ணீர் வராவிட்டாலும், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே பழையபடி திரும்பாவிட்டாலும், பேதியில் ரத்தம் கண்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகிற வழியிலும் கொடுத்துக்கொண்டே போங்கள்.

மூன்றாவது, தண்ணீரில் மூழ்கியவர். நீந்தத் தெரியாதவன் பாசத்தால் குதித்தால் ஒரு பிணம் இரண்டாகும். புடவை, கயிறு, மூடிய காலி பிளாஸ்டிக் கேன் எதையாவது வீசுங்கள். கரையேற்றிய பின் தலைகீழாகப் பிடிப்பதும், தோளில் போட்டுச் சுற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் வீண் வேலை. அவருக்கு வேண்டியது காற்று. மூச்சு இல்லையென்றால், மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதவேண்டும். பிறகு நடு நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்து, சுமார் இரண்டு அங்குலம் இறங்கும்படி 30 தடவை அமுக்கவேண்டும். 2 தடவை ஊதவேண்டும். ஆள் வந்து சேரும்வரை இப்படியே விடாமல் செய்யவேண்டும். வேகம் நிமிஷத்திற்கு 100க்குக் குறையக் கூடாது, 120க்கு மேலும் போகக் கூடாது. நெஞ்சை அமுக்கும் முறையை அமெரிக்காவில் 1960ல் மூன்று பேர் எழுதி வெளியிட்டார்கள்.

முன்பின் தெரியாதவன் வாயில், அதுவும் வேறு ஜாதிக்காரன் வாயில் எப்படி வாய் வைப்பது என்று கேட்கிறவரும் நம்மில் உண்டு. மூழ்கிக் கிடக்கிறவன் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டான்.

இவைகளைக் காதால் கேட்டது போதாது. கைக்குப் பழக்கம் வேண்டும். கிராம செவிலியரான அம்மையார் தலையணையொன்றைக் கொண்டு வந்திருக்கிறார். நெஞ்சை அமுக்குவது எப்படி, தப்பை கட்டுவது எப்படி, உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலக்குவது எப்படி என்று இப்போது செய்து காட்டுவார். ஒவ்வொருவராக வந்து தாங்களும் செய்து பார்க்க வேண்டும். பெண்கள் முன்னமே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் நின்று கொண்டிருக்கிற ஆண்கள் தயவு செய்து முன்னே வாருங்கள்.